பரீட்சை நேரத்துல மனசை அடக்கச் சொல்லாதீங்க



பங்குனி பொறந்துருச்சு. எங்க மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுத்த தரிசுல உளுந்து காய் கறுக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் பத்து நாள்ல பிடுங்கணும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் இதுதான் அறுவடைக் காலம். பரீட்சை பாதி முடிஞ்சு பாதி நிக்குது. அது முடிஞ்சாலும் நீட் எழுதற பிள்ளைகளுக்கு மே மாசம் வரைக்கும் ஓட்டம்தான். பட்டணத்தில் இருக்கிற உங்கள் வீடுகளிலும் இதே பேச்சாத்தான் இருக்கும். அதனால இந்தத் தடவை பயிர் பச்சையை ஓரமா வச்சுட்டு, படிக்கிற பிள்ளைகளைப் பத்தி எழுதறேன்.

நான் பத்தாம் வகுப்போட நின்னவன். படிப்பைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்னு நீங்க கேட்கலாம். பாடத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. புத்தகம் திறந்திருக்கு, கண்ணு எழுத்து மேல இருக்கு, மனசு மட்டும் எங்கெங்கேயோ போய் முட்டிகிட்டு நிக்குது பாருங்க, அதைப் பத்தித்தான் பேச்சு. அப்படி நிக்கிற பிள்ளைகிட்ட நாம எல்லாரும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "வேற எதையும் நினைக்காம, மனசை அடக்கிப் படி." இந்த மருந்து வேலை செய்யாது, சில சமயம் நோயைக் கூட்டவும் செய்யும் என்பதுதான் என் கட்சி.

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதேன்னு வைத்தியர் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் குரங்கு ஞாபகமே இல்லாதவனுக்கு அன்னையிலேர்ந்து மருந்துக் கிண்ணத்தை எடுத்தாலே குரங்கு வந்து உக்காந்துக்கும். சிரிக்கிறதுக்குச் சொன்ன கதைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். கும்பகோணத்தில் நர்சா வேலை பார்க்கிற என் மூத்த மகள்தான், இதை ஆராய்ச்சியே பண்ணிப் பார்த்திருக்காங்கப்பான்னு சொன்னா. அமெரிக்காவில் டேனியல் வெக்னர்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர். 1987ல அவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி. மாணவர்களை உக்கார வச்சு, 5 நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைச்சா மணியை அடின்னு சொல்லியிருக்கார். மணி அடிச்சுகிட்டே இருந்திருக்கு. அதுக்கப்புறம், இப்போ தாராளமா நினைச்சுக்கோன்னு விட்டப்போ, முதல்லயே நினைக்கச் சொன்ன மாணவர்களை விட, அடக்கச் சொன்ன மாணவர்களுக்குத்தான் கரடி அதிகமா வந்ததாம். அவங்க ஊர்ல கரடி, நம்ம ஊர்ல குரங்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகளுக்கு வர்றது குரங்கும் இல்லை, கரடியும் இல்லை. என்ன வருதுன்னு ஒரு பிள்ளை என்கிட்ட சொன்னதை எழுதறேன்.

என் தம்பி மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. சயின்ஸ் குரூப். நல்லாப் படிக்கிற பிள்ளை. மாசி மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில இயற்பியல் புத்தகத்தோட உக்காந்திருந்தா. அரை மணி நேரமா பக்கம் திருப்பவே இல்லை. "என்ன ஆயி, தூங்குறியா?"ன்னு கேட்டேன். நிமிர்ந்து பார்த்த கண்ணு கலங்கியிருக்கு.

"பெரியப்பா, படிக்கணும்னுதான் உக்கார்றேன். முதல் வரியைப் படிக்கிறதுக்குள்ள அம்மா கழுத்து ஞாபகம் வருது. அடகுல இருக்கிற சங்கிலியை மீட்கலைன்னா ஏலத்துல போயிடும்ல? அதுலேர்ந்து, ஃபெயிலாயிட்டா என்னைக் கட்டிக்கொடுத்துடுவாங்கன்னு வருது. அதுலேர்ந்து கெமிஸ்ட்ரியில ரெண்டு பாடம் தொடவே இல்லைங்கறது வருது. நினைக்காதே நினைக்காதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டா இன்னும் ஜாஸ்தியா வருது."

சரியாக் கேட்டுக்குங்க. இதுல செல்போன் இல்லை, சினிமா இல்லை, விளையாட்டுப் புத்தி இல்லை. கவனம் சிதறுதுன்னு நாம பேர் வச்சிருக்கிறது பாதி நேரம் இதுதான். பிள்ளை சோம்பேறித்தனமா உக்காந்திருக்கிறதா நமக்குத் தெரியுது. உள்ளே அது மூச்சு முட்ட வேலை பார்த்துகிட்டிருக்கு.

டெல்டாக்காரனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில நாலு நாள் விடாம அடிச்சா நட்ட பயிர் மூழ்கிடும். மழையை நிறுத்த நம்மால ஆகாது. வரப்பை இன்னும் உசத்திக் கட்டினா உள்ளே விழுந்த தண்ணி உள்ளேயேதான் நிக்கும், பயிர் அழுகும். அந்த நேரத்துல ஒரே வேலைதான். மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போய் வாமடையை வெட்டி விடணும். வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சிருந்தா இறங்கி வாரிப் போடணும். தண்ணி வடிஞ்சா பயிர் தானா நிமிரும். மனசை அடக்குன்னு சொல்றது வரப்பை உசத்துற வேலை. எனக்கு வேணுங்கறது வடிகால்.

அந்த வடிகால் என்னன்னா, ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். இதுவும் என் மகள் சொல்லிக் கொடுத்த வழிதான். தினம் ஒரு குறிப்பிட்ட நேரம், சாயங்காலம் ஆறு மணின்னு வச்சுக்குங்க, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் உக்காந்து மனசுல ஓடுறதை எல்லாம் அப்படியே எழுதணும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். கிழிச்சு அடுப்புல போட்டாலும் சரி. மத்த நேரத்துல படிக்கும்போது ஏதாவது வந்தா, பக்கத்துல ஒரு துண்டுக் காகிதத்துல ரெண்டே வார்த்தை குறிச்சு வச்சுட்டு, "உன்னை ஆறு மணிக்குப் பார்க்கறேன்"னு சொல்லிட்டுப் பாடத்துக்குத் திரும்பணும். வராதேன்னு விரட்டினாத்தான் எண்ணம் சண்டைக்கு வரும். அப்புறம் வான்னு நேரம் குறிச்சுக் கொடுத்தா கொஞ்சம் ஒதுங்கி நிக்கும். ரெண்டு மூணு நாள் பழகணும், முதல் நாளே நடக்காது.

எழுதினப்புறம் இன்னொரு வேலை இருக்கு. எழுதினதைப் பிரிக்கணும். களத்துல நெல்லையும் பதரையும் பிரிக்கிற மாதிரி. நாங்க மூணாப் பிரிச்சோம்.

முதல் வகை, செய்யவேண்டிய வேலை, கவலை வேஷத்துல வர்றது. கெமிஸ்ட்ரியில ரெண்டு பாடம் தொடலைங்கறது கவலை இல்லை, வேலை. அதுக்கு ஒரு கிழமையும் நேரமும் போட்டா முடிஞ்சுது. "வியாழக்கிழமை சாயங்காலம், முதல் பாடத்துல புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற சின்னக் கேள்விகள் மட்டும்." இப்படிச் சின்னதா எழுதணும். "கெமிஸ்ட்ரி முடிக்கணும்"னு எழுதினா அது திரும்பவும் மலையா நிக்கும். அஞ்சு மா நிலத்தை இன்னிக்கே களை எடுக்கணும்னு நினைச்சா யாருக்கும் வரப்புல இறங்கவே மனசு வராது. இந்த மூலையிலேர்ந்து அந்தப் பூவரசு மரம் வரைக்கும்னு நினைச்சாத்தான் குனிவோம்.

இரண்டாவது வகை, பெரியவங்க கவலை, பிள்ளை தலையில உக்காந்திருக்கிறது. சங்கிலி அடகு அந்த வகை. அதைப் பிள்ளை சுமக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனா நாம யாரும் அதை இறக்கி வைக்கலை. நான் தம்பியைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். "கணக்கைப் பிள்ளைகிட்ட உள்ளபடி சொல்லுடா"ன்னு சொன்னேன். அவன் சொன்னான்: சங்கிலி மூணு பவுன், கூட்டுறவு சங்கத்துல இருக்கு, கெடு ஆவணி மாசம். கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் வந்தாச்சு, அதுல பாதி எடுத்து வச்சிருக்கு, மீதிக்கு உளுந்து இருக்கு. அதுவும் பத்தலைன்னா வட்டியைக் கட்டித் திருப்பி வச்சுக்கலாம். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிள்ளை, நாளைக்கே ஏலம் போடப்போறாங்கன்னு நினைச்சு ரெண்டு மாசமா நடுங்கிகிட்டு இருந்திருக்கு. வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகிட்ட மறைக்கிறதா நாம நினைக்கிறோம். ராத்திரி நாம பேசுற அரைகுறைப் பேச்சு அதுங்க காதுல விழுந்து, உள்ளதை விடப் பத்து மடங்கா வளருது. தெரிஞ்ச கடனை விடத் தெரியாத கடன்தான் பயமுறுத்தும்.

மூணாவது வகை, "இப்படி ஆயிட்டா?"ன்னு வர்றது. ஃபெயிலாயிட்டா? மார்க் குறைஞ்சா? இதுக்குப் பதில் எழுதாம விட்டாத்தான் அது சுத்திச் சுத்தி வரும். "அதெல்லாம் ஆகாது, நல்லதையே நினை"ன்னு சொல்றது பதில் இல்லை. ஆயிட்டா என்ன செய்யறதுன்னு பக்கத்துலயே எழுதணும். ஒரு பாடம் போயிட்டா ஜூன், ஜூலையில துணைத்தேர்வு இருக்கு, அதே வருஷம் கல்லூரியில சேரலாம். நீட்ல வரலைன்னா நர்சிங் இருக்கு, பார்மசி இருக்கு, விவசாயப் பட்டயப்படிப்பு இருக்கு, பாலிடெக்னிக் முடிச்சு நேரா ரெண்டாம் வருஷ இன்ஜினியரிங் சேர்ற வழி இருக்கு. பிளஸ் டூவுல ஒவ்வொரு பாடத்துலயும் பாஸ் பண்ண 35 மார்க். ஆறு பாடமும் சேர்த்து 600. இந்த 35க்கும் 600க்கும் நடுவுல எத்தனையோ குடும்பம் பிழைச்சுகிட்டு இருக்கு. கல்யாணப் பேச்சுக்கும் பதில் எழுதினோம். என் தம்பி தன் கையாலயே அந்த நோட்டுல, "இருபத்தொரு வயசு வரைக்கும் இந்த வீட்டுல அந்தப் பேச்சு கிடையாது"ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டான். அந்தப் பிள்ளை அந்தப் பக்கத்தைத்தான் அடிக்கடி திருப்பிப் பார்க்குதாம்.

இப்போ அவளுக்கு எண்ணமே வர்றதில்லையான்னு கேட்டா, வருது. வந்து நிக்காம போகுது. அதுவே போதும்.

பரீட்சை அன்னிக்குன்னு தனியா ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்துல ரமிரெஸ், பைலாக்னு ரெண்டு பேர் செய்த ஆராய்ச்சி 2011ல 'சயின்ஸ்' பத்திரிகையில வந்திருக்கு. பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி பத்து நிமிஷம், அந்தப் பரீட்சையைப் பத்தி என்ன பயம் இருக்கோ அதை அப்படியே எழுதின மாணவர்கள், எழுதாதவங்களை விட நல்லா எழுதியிருக்காங்க. அதிகமாப் பயப்படற பிள்ளைகளுக்குத்தான் அது அதிகமா உதவியிருக்கு. பயம் மூளையில இடத்தை அடைச்சுகிட்டு இருந்தா கணக்குப் போட இடம் இருக்காது, எழுதி இறக்கினா இடம் காலியாகும் என்பது அவங்க சொல்ற காரணம். எங்க பிள்ளை பஸ் ஸ்டாப்புல உக்காந்து அதைச் செய்யுது. மத்த பிள்ளைங்க கடைசி நேரத்துல நோட்டைப் புரட்டிகிட்டு, "அந்தக் கேள்வி படிச்சியா, இந்தக் கேள்வி படிச்சியா"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கலக்கிவிடற நேரம் அது. அதுலேர்ந்து ஒதுங்கி உக்கார்றதே பாதி லாபம்.

ஹாலுக்குள்ள போனதும் 10 மணிக்கு வினாத்தாள் கையில வரும். அதைப் படிச்சுப் பார்க்க மட்டும் 10 நிமிஷம் கொடுக்கறாங்க. அந்த நேரத்துல தெரியாத கேள்வியில கண்ணு போய் ஒட்டிக்கும். தெரிஞ்ச கேள்விகளை முதல்ல தேடி மனசுக்குள்ள எண்ணச் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சா, பேனாவைக் கீழே வச்சுட்டு, மூச்சை மெதுவா இழுத்து, இழுத்ததை விட நீளமா விடணும். அஞ்சாறு தடவை விட்டா படபடப்பு கொஞ்சம் தணியும். செலவில்லாத வைத்தியம்.

வீட்டுல படிக்கிற முறைக்கும் ஒரு வார்த்தை. இத்தாலி நாட்டுல பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒருத்தர், 1980களோட கடைசியில காலேஜ்ல படிக்கும்போது இதே மாதிரி மனசு நிலைக்காம தவிச்சிருக்கார். சமையல்கட்டுல இருந்த, தக்காளி வடிவத்துல செஞ்ச ஒரு மணிக்கடிகாரத்தைத் திருகி வச்சு, அது அடிக்கிற வரைக்கும் மட்டும் படிக்கறேன்னு ஆரம்பிச்சிருக்கார். 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. தக்காளி விலை இல்லாம ரோட்டுல கொட்டுற நாட்டுல நாம இருக்கோம், அங்க ஒரு தக்காளி உலகத்துக்கே படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கு. நாலு மணி நேரம் அசையாம உக்கார்ற பிள்ளைதான் படிக்கிற பிள்ளைன்னு நினைக்க வேண்டாம். இருபத்தஞ்சு நிமிஷம் படிச்சு, புத்தகத்தை மூடி, படிச்சதை ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் அது நிக்கும். அந்த 5 நிமிஷ ஓய்வுல மட்டும் போனைக் கையில எடுக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் அம்பது நிமிஷமாயிடும். எங்க வீட்டுல ஆட்டுக்குத் தழை போடுறது, தண்ணி இறைக்கிறதுன்னு ஏதாவது வேலை இருக்கும். உங்களுக்கு மொட்டை மாடி இருக்கும், பத்துத் தடவை நடந்துட்டு வரட்டும்.

அப்புறம் தூக்கம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டீ போட்டுக் கொடுத்து முழிக்க வைக்கிற அம்மாக்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், வேண்டாம். பகல்ல படிச்சது தலையில படியறது தூக்கத்துலதான். தூக்கம் கெட்ட பிள்ளைக்குச் சின்ன எண்ணமும் பெரிய பூதமாத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு வர்ற பயத்துல பாதி காலையில ஆறு மணிக்கு இருக்காது. இது எல்லார் அனுபவத்துலயும் இருக்கிறது.

இவ்வளவும் பிள்ளை செய்ய வேண்டியது. இனி நாம செய்ய வேண்டியதுக்கு வர்றேன். என் முக்கியமான பேச்சே இதுதான்.

"உன்னை நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கு." இந்த ஒரு வாக்கியத்தை வீட்டுல யாரும் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லுவேன். பாசத்துலதான் சொல்றோம். பதினேழு வயசுப் பிள்ளைக்கு அது பாசமாக் கேட்காது. நான் தோத்தா எல்லாரும் தோத்துடுவாங்கன்னு கேட்கும். நாலு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒரு கன்னுக்குட்டி முதுகுல ஏத்திட்டு, ஏன் நடக்க மாட்டேங்குதுன்னு கேட்கிற கதை அது.

2017லேயே தமிழ்நாட்டுல மாநில முதலிடம், இரண்டாமிடம்னு அறிவிக்கிறதை அரசாங்கம் நிறுத்திடுச்சு. நல்ல வேலை செய்தாங்க. ஆனா அந்த ரேங்க் பட்டியல் இப்போ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல இருக்கு, சொந்தக்காரங்க போன்ல இருக்கு. "பெரியவன் வீட்டுப் பையன் எவ்வளவு வாங்கினான் தெரியுமா?"ன்னு ஆரம்பிக்கிற பேச்சைப் பரீட்சை முடியற வரைக்குமாவது தள்ளி வைக்கலாம். எங்க ஊர் மாதிரி ஊருக்கு இன்னொண்ணு: பங்குனித் திருவிழா மைக்செட். கூம்பு ஒலிபெருக்கி நாலு திசைக்கும் கட்டினா பிள்ளை எங்க போய்ப் படிக்கும்? இந்த வருஷம் ஊர்க்கூட்டத்துல பேசி, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல செட் கிடையாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். சாமி கோவிச்சுக்கலை.

"பயம் இருந்தாத்தான்யா படிப்பான், இப்படித் தாங்கினா கெட்டுப்போயிடுவான்"னு என் வயசுக்காரங்க சொல்றாங்க. கொஞ்சம் பயம் வேணும், நான் இல்லைங்கலை. வயலுக்குத் தண்ணி வேணுங்கற மாதிரி. பிள்ளையை எழுப்பி உக்கார வைக்கிற பயம் வேற, உக்கார்ந்த பிள்ளையை உறைய வைக்கிற பயம் வேற. உக்காந்தும் பக்கம் திருப்பாத பிள்ளைக்கு மேல மேல பயம் காட்டறது, மூழ்கின வயலுக்கு மோட்டார் போட்டுத் தண்ணி விடற மாதிரி.

"நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"ன்னும் கேட்கறாங்க. இல்லைதான். ஏன் இல்லைன்னு யோசிச்சுப் பாருங்க. 1980கள்ல பத்தாவது ஃபெயிலானா எங்களுக்கு வயல் இருந்துச்சு, மாடு இருந்துச்சு, ஊர்ல வேலை இருந்துச்சு. பரீட்சை ஒரு வாசல், அது மூடினா வேற வாசல் இருந்தது. இன்னிக்கு ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வச்சுகிட்டு அடுத்த தலைமுறை பிழைக்க முடியாதுன்னு நாமளே தினமும் பிள்ளை காதுபடச் சொல்றோம். "என்னை மாதிரி சேத்துல கிடக்காதே"ன்னு சொல்றோம். மத்த வாசலை எல்லாம் நாமளே சாத்திட்டு, இருக்கிற ஒரு வாசல்ல நிக்கிற பிள்ளை நடுங்குதேன்னு ஆச்சரியப்படறோம். நம்மளை விட அந்தப் பிள்ளைகள் பலவீனம்னு நான் ஒத்துக்க மாட்டேன். நம்மளை விட அதிகச் சுமையோட அந்த பெஞ்சுல போய் உக்கார்றாங்க.

கடைசியா ஒரு விஷயம், இதை மட்டும் தட்டிக்கழிக்காதீங்க. நோட்டுல எழுதினாலும் வடியாத வெள்ளமும் இருக்கு. பிள்ளை பல நாளாச் சாப்பிடலை, தூங்கலை, யார்கூடவும் பேசலை, "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்"னு சிரிச்சுகிட்டே சொன்னாலும் சரி, அதை நடிப்புன்னு எடுத்துக்காதீங்க. பக்கத்துல உக்காந்து, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துடும்னு பயப்பட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லக் கிடைச்ச வழியா அது இருக்கும். தனியா விடாதீங்க. 14416ன்னு டெலி மானஸ் எண் இருக்கு, ராத்திரி பகல் எந்த நேரமும் இலவசமாப் பேசலாம், தமிழ்ல பேசுவாங்க. நம்ம மாநில 104லயும் ஆலோசனை சொல்றாங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்கார். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் வேப்பிலை அடிக்கணும்னா அடிங்க, அதோட ஆஸ்பத்திரிக்கும் போங்க. காய்ச்சலுக்குப் போகிறோம், இதுக்குப் போறதுல என்ன வெட்கம்?

ரிசல்ட் வர்ற அன்னிக்கு என்ன வேலை இருந்தாலும் வீட்டுல ஒருத்தர் பிள்ளை கூடவே இருங்க. மார்க் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு கேளுங்க.

இதைப் படிக்கிற உங்க வீட்டுல பரீட்சை எழுதற பிள்ளை இருந்தா, இன்னிக்குப் போகும்போது கடையில ஒரு நோட்டு வாங்கிட்டுப் போங்க. அதுல என்ன எழுதுதுன்னு எட்டிப் பார்க்காதீங்க. வீட்டுக் கடன் கணக்கு பிள்ளை காதுல அரைகுறையா விழுந்திருந்தா, உக்காந்து முழுசாச் சொல்லுங்க. எங்க பிள்ளைக்கு இன்னும் மூணு பரீட்சை பாக்கி இருக்கு. என்ன மார்க் வரும்னு எனக்குத் தெரியாது. நேத்து ராத்திரி பத்தரை மணிக்கெல்லாம் தூங்கிட்டா, அது தெரியும்.

அடுத்த பதிவுல உளுந்து அறுவடையைப் பத்தி எழுதறேன். வரட்டுங்களா.